பதிவான குரலைப் பண்படுத்தும் கலை

(கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில், இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வரங்கிலே மருத்துவம் பற்றியும் சட்டம் பற்றியும் ஆட்சிப் பணித் தேர்வுகள் பற்றியும் அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு சற்றே புதுமையானது. திரைப்படத்திலும் வானொலியிலும் பதிவான பேச்சை எவ்வாறு பண்படுத்துகிறார்கள் என்பதே அது. இருபது ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவன் என்ற உரிமையில் சில சொல்ல வந்திருக்கிறேன். ‘இது சினிமாக்காரர் சமாசாரம்; நமக்கென்ன?’ என்று எவரேனும் எண்ணக்கூடும். ஒரு சமுதாயத்தின் பேச்சு பிறர் காதில் தெளிவாக விழ வேண்டுமானால், அதற்கு உரிய கருவியும் அக்கருவியைக் கையாளும் அறிவும் அச்சமுதாயத்தாரிடமே இருக்கவேண்டும் என்பது என் கருத்து. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

கல்லில் எழுதிய இசையும் எழுதப்படாத குரலும்

நம் புதுக்கோட்டை மாவட்டம் ஒலிக்குப் பெயர்பெற்ற மண். குடுமியான்மலைக் குடைவரைக் கோயிலின் அருகே பாறையிலே வெட்டப்பட்டிருக்கும் இசைக் கல்வெட்டை அறிஞர் உலகம் போற்றுகிறது. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முற்பட்டதென்று கணிக்கப்படும் அக்கல்வெட்டிலே, சுரக் கோவைகள் கிரந்த எழுத்தில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒலியை எழுத்தாக்கிப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கே இம்மண்ணில் இருந்தது.

ஆனால், நண்பர்களே, அக்காலத்தில் நாற்று நட்டவர் பாடிய பாட்டும், கண்மாய்க் கரையிலே காவல் இருந்தவர் கூவிய கூவலும், இழவு வீட்டிலே தாய்மார் சொல்லி அழுத ஒப்பாரியும் எந்தக் கல்லிலும் ஏறவில்லை. கல்வெட்டுக்கு உளியும் வேண்டும். கல்தச்சருக்குக் கூலியும் வேண்டும். வெட்டுக என்று ஆணையிடும் அதிகாரமும் வேண்டும். இம்மூன்றும் நம் முன்னோரிடம் இல்லை. இன்று ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி உருவில் இருக்கிறது. ஆகவே இனி நம் குரல் பதிவாகவில்லை என்றால், குறை கருவியின் மேல் வராது.

பாபாசாகேப் அம்பேத்கர் 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய பேருரையை நாம் அச்சில் படித்து வியக்கிறோம். அவருடைய குரலாகவே நமக்குக் கிடைப்பவை மிகச் சில. 1955இல் பி.பி.சி. வானொலிக்கு அவர் அளித்த பேட்டி அவற்றுள் ஒன்று. அப்பதிவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அச்செழுத்தில் வாராத உறுதியொன்று அக்குரலிலே இருக்கிறது. குரலைப் பேணிக் காப்பது ஏன் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மேடைக் குரலிலிருந்து டப்பிங் கூடம் வரை

புதுக்கோட்டையில் 1916இல் பிறந்த பி.யு. சின்னப்பா, சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் பயின்றவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலே கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் வசனம் கேட்க வேண்டும் என்பது அக்கால நடிகர்களுக்கு முதற்பாடம். மெல்லப் பேச வேண்டிய இடத்திலும் அவர்கள் குரலை மிகத் தாழ்த்த மாட்டார்கள்; உரக்கப் பேச வேண்டிய இடத்திலும் வரம்பு மீற மாட்டார்கள்; ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி உச்சரிப்பார்கள். இன்று கருவி கொண்டு நாம் செய்யும் இரண்டு வேலைகளையும் அவர்கள் தொண்டையாலும் நாவாலும் செய்தார்கள்.

1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது. தொடக்கக் காலத்தில் நடிக்கும்போதே பேச்சும் பாட்டும் பதிவாகும். நமக்கு அண்டையிலுள்ள காரைக்குடியைச் சேர்ந்த ஏ.வி. மெய்யப்பன், 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்திலே ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடும் பின்னணி முறையைக் கையாண்டார். 1944இல் கன்னட ‘அரிச்சந்திரா’வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். உருவம் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது என்ற முறை இவ்வாறு வேரூன்றியது. பின்னர்ப் படப்பிடிப்புக் கருவிகளின் இரைச்சல் காரணமாகவும், வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியதாலும், நடித்தவரே மறுபடியும் கூடத்திற்கு வந்து உதட்டசைவுக்கு ஏற்பப் பேசும் டப்பிங் முறை தமிழ்த் திரையுலகின் வழக்கமே ஆயிற்று. படப்பிடிப்புத் தளத்திலேயே குரலைப் பதியும் முறை ‘ஹே ராம்’ (2000), ‘விருமாண்டி’ (2004) போன்ற படங்களால் மீண்டும் பேசப்பட்டது.

நம் ஊர்ப்புறத்தில் இவ்வசனங்கள் வந்து சேர்ந்த வழிகள் மூன்று. ஒன்று டூரிங் கொட்டகை. மற்றொன்று 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி. மூன்றாவது, கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் மரத்தின் மேல் கட்டிய குழாய் ஸ்பீக்கர். ‘பராசக்தி’, ‘திருவிளையாடல்’ வசனங்கள் இசைத்தட்டுகளாக வந்து ஊர் ஊராய் முழங்கியதைப் பெரியோர் அறிவர். குழாய் ஸ்பீக்கரில் அடித்தொனி அறவே எழும்பாது. மத்திய அலை வானொலியில் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நுண்ணொலி பெரும்பாலும் வந்து சேராது. அவ்வாறிருந்தும் வசனத்தின் ஒவ்வொரு சொல்லும் அரை மைல் தொலைவுக்குக் கேட்டதே, எப்படி? பேச்சின் பொருள் தங்கியிருக்கும் பகுதி நடுத்தொனியில் உள்ளது என்பதே காரணம். இனி அதனை ஆராய்வோம்.

பேச்சின் உறுப்புகள்

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலே பிறப்பியல் என்றோர் இயல் வகுத்தார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் முயற்சியால் வெவ்வேறு எழுத்தாகிறது என்று அவர் விளக்குகிறார். இன்றைய ஒலியியல் அறிஞரும் இவ்வழியிலேயே செல்கின்றனர். மிடற்றின் அதிர்வைச் செகண்டுக்கு இத்தனை முறை என்று எண்ணி ஹெர்ட்ஸ் என்கிறார்கள். வளர்ந்த ஆடவர் பேசும்போது மிடறு ஏறத்தாழ 85 முதல் 180 முறை அதிரும். பெண்டிர்க்கு 165 முதல் 255 முறை. இது குரலின் அடித்தளம். இவர் யார், ஆணா பெண்ணா, சினந்தாரா மகிழ்ந்தாரா என்பதை இத்தளம் காட்டும்.

என்ன சொன்னார் என்பதைக் காட்டுவது வேறு பகுதி. வாயும் நாவும் மூக்கும் சேர்ந்து எழுப்பும் மேல்தொனிகள் 300 ஹெர்ட்ஸ் தொடங்கி 4,000 வரை பரவியிருக்கின்றன. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே அனுப்பியது. பேச்சு விளங்க அது போதுமானதாயிற்று. ல, ள, ழ ஆகிய மூன்றையும் காது வேறு பிரித்து உணர்வது பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் கொண்டுதான். ச, ஸ, ஷ ஆகியவற்றின் சீறலோ 4,000க்கு மேல் 8,000 வரை செல்லும்.

ஒலியின் வலிமையை டெசிபல் என்னும் அளவையால் அளப்பார்கள். கணினியிலே பூச்சியம் என்பது உச்சி. அதற்குக் கீழே எல்லாம் கழித்தல் குறியோடு எழுதப்படும். பூச்சியத்தை மீறினால் ஒலியலையின் தலை வெட்டுண்டு கரகரக்கும். அவ்வாறு வெட்டுண்டதை மீட்பது பெரும்பாடு. ஆதலால் பதியும்போதே உச்சக் குரல் கழித்தல் 12 முதல் கழித்தல் 6 டெசிபலுக்குள் நிற்குமாறு வைப்பது நன்று.

அமுக்கம்

பதிவான பேச்சிலே முதற் சிக்கல், மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள பெரு வேறுபாடு. ஒருவர் நினைவு தடுமாறி முணுமுணுக்கிறார். அடுத்த நொடியே வெகுண்டு கத்துகிறார். முணுமுணுப்புக் கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டினால் கத்தல் காதைப் பிளக்கும். கத்தலுக்காகக் குறைத்தால் முணுமுணுப்பு மறைந்துபோகும். இதற்கு உதவும் கருவியை நூலோர் ஒலி அமுக்கி என்பார்கள். கூடத்தில் கம்ப்ரஸர் என்றால்தான் விளங்கும். கோப்பின் அளவைச் சுருக்குவதும் இப்பெயரால் வழங்குவதுண்டு. அது வேறு, இது வேறு.

நம் ஊர்க் கண்மாயை எண்ணிப் பாருங்கள். நீர் கலிங்கின் மட்டத்தைத் தொடும்வரை கலிங்குக்கு வேலையில்லை. அம்மட்டத்தைத் தாண்டிய நீரை மட்டுமே அது வெளியேற்றிக் கரையைக் காக்கிறது. கம்ப்ரஸருக்கும் அத்தகைய மட்டம் ஒன்று குறிக்க வேண்டும். அதற்கு மேலேறும் ஒலியை எந்த விகிதத்தில் அடக்குவது என்பதையும் நாமே குறிக்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். மட்டம் கழித்தல் 24; விகிதம் மூன்றுக்கு ஒன்று. கத்தல் கழித்தல் 6இல் வருகிறது. அதாவது மட்டத்தை விட 18 டெசிபல் மேலே. மூன்றில் ஒரு பங்காகிய 6 மட்டும் மேலெழும். ஆக, அது கழித்தல் 18இல் நிற்கும். முணுமுணுப்போ கழித்தல் 36. மட்டத்திற்குக் கீழே இருப்பதால் தீண்டப்படுவதில்லை. முன்னர் இரண்டிற்கும் இடையே 30 டெசிபல் இருந்தது. இப்போது 18 ஆயிற்று. பிறகு முழுவதையும் 8 டெசிபல் உயர்த்தினால், கத்தல் கழித்தல் 10இலும், முணுமுணுப்புக் கழித்தல் 28இலும் வந்து நிற்கும். இரண்டும் கேட்கும், எதுவும் உறுத்தாது.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று வேண்டும். நாம் உயர்த்திய அந்த 8 டெசிபல் குரலுக்கு மட்டும் உரியதன்று. அறையிலே மின்விசிறியின் இரைச்சல் கழித்தல் 60இல் இருந்திருந்தால், அது கழித்தல் 52 ஆகிவிடும். முன்பு கேட்காத விசிறி இப்போது கேட்கும். எனவே அமுக்கத்திற்கு முன்பே இரைச்சலைக் களைய வேண்டும். அதனினும் சிறந்தது, பதியும்போதே விசிறியை நிறுத்திவிடுவது.

மேலே கண்ட கணக்கில் கத்தல் 12 டெசிபல் அடக்கப்பட்டது. ஒரே கருவி அவ்வளவு அடக்கினால் குரலுக்கு உயிர் குன்றும். தேர்ந்த பணியாளர் முதலில் வசனத்தைச் சொல் சொல்லாகக் கேட்டு, தாழ்ந்த இடத்தைக் கையால் உயர்த்தி, உயர்ந்த இடத்தைக் கையால் தாழ்த்துவார். அதன்பின் கம்ப்ரஸர் 3 முதல் 6 டெசிபல் வரை அடக்கினால் போதும். விகிதமும் இரண்டுக்கு ஒன்றுக்கும் நான்குக்கு ஒன்றுக்கும் இடையே இருப்பதே பேச்சுக்கு ஏற்றது.

காலக் கணக்கும் உண்டு. ஒலி மட்டத்தைத் தாண்டியதும் எவ்வளவு விரைவில் அடக்குவது, தணிந்ததும் எவ்வளவு விரைவில் விடுவது என்பன அவை. மிக விரைவில் அடக்கினால் க, ட, த, ப போன்ற வல்லெழுத்துகளின் முதல் வெடிப்பு நசுங்கிச் சொல் மழுங்கும். 5 முதல் 20 மில்லி செகண்டு விட்டுப் பிடிப்பது நன்று. மிக விரைவில் விட்டால், ஒவ்வொரு சொல்லிடைவெளியிலும் பின்புல இரைச்சல் மூச்சிரைப்பது போல் எழுந்தெழுந்து அடங்கும். 100 முதல் 250 மில்லி செகண்டு அளவில் தொடங்கிக் காதால் சரிபார்க்க வேண்டும்.

தொனிச் சமன்

இரண்டாவது கருவி ஈக்வலைசர். தொலைபேசித் துறையிலே பிறந்த பெயர் இது. நெடுந்தூரக் கம்பி வழியே செல்லும்போது உயர்தொனிகள் தேய்ந்துவிடும். தேய்ந்ததை ஈடுசெய்து சமப்படுத்த அமைத்த மின்சுற்றுக்கு அப்பெயர் வந்தது. ஆம்ப்ளிபயரில் நீங்கள் திருப்பும் பாஸ், டிரெபிள் குமிழ்கள் அதன் எளிய உருவங்களே. கூடத்துக் கருவியிலே எந்த ஹெர்ட்ஸை, எவ்வளவு அகலத்தில், எத்தனை டெசிபல் கூட்டுவது குறைப்பது என்று நுட்பமாகக் குறிக்கலாம்.

கூட்டுவதற்கு முன் குறைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில், ஆடவர் குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும், பெண்டிர் குரலில் 100 அல்லது 120க்குக் கீழும் உள்ளதை வடிகட்டிவிடலாம். அங்கே பேச்சு இல்லை. லாரி ஓட்டத்தின் அதிர்வும், மைக்கைத் தாக்கும் காற்றும், ப என்னும்போது வாயிலிருந்து பாயும் ஊதலுமே உண்டு. அடுத்து, வெறுஞ்சுவர் அறைகளில் பதிந்த பேச்சு குடத்துக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். அக்குற்றம் பெரும்பாலும் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் பகுதியில் குடிகொண்டிருக்கும். எங்கே மிகுதி என்று தேடிப் பிடித்து 3 அல்லது 4 டெசிபல் குறைத்தால் மங்கல் விலகும். மூக்கால் பேசுவது போன்ற தொனி 1,000ஐ ஒட்டி இருக்கும். இவற்றைக் களைந்த பின்னும் தெளிவு போதவில்லையானால், 2,000 முதல் 4,000 வரை அகலமாக 2 அல்லது 3 டெசிபல் உயர்த்தலாம். அதனால் ச, ஷ சீறுமானால், 5,000 முதல் 8,000 வரையுள்ள பகுதியை, சீறும்போது மட்டும் அடக்கும் டீ-எஸ்ஸர் என்னும் கருவியை ஏவலாம்.

இவ்வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. வெட்டி ஒட்டிச் செப்பனிடல், இரைச்சல் களைதல், கையால் ஏற்றத்தாழ்வு சீர்செய்தல், வேண்டாத தொனி நீக்கல், அமுக்கல், தெளிவு கூட்டல், சீறல் அடக்கல், இறுதியில் உச்சவரம்பு கட்டல் என்பது பெரும்பான்மை வழக்கு. வேண்டாத அடித்தொனியை முன்னரே நீக்குவது ஏன்? நீக்காவிட்டால், அந்த அடித்தொனியின் வலிமையைக் கண்டு கம்ப்ரஸர் ஏமாந்து, குரல் உயராத இடத்திலும் குரலை அடக்கிவிடும்.

மற்றொரு நுட்பம்: உரக்க ஒலிப்பது எதுவாயினும் அது நன்றாயிருப்பதாகக் காது நம்பிவிடும். ஆகவே திருத்தியதையும் திருத்தாததையும் ஒரே வலிமைக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். விலை உயர்ந்த ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டு முடிவு செய்யலாகாது. கைப்பேசியிலும் கேட்க வேண்டும். நம் மக்கள் அதில்தான் கேட்கப்போகிறார்கள்.

மொழியைத் திருத்த வேண்டா

இத்தொழிலிலே நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து இளைஞர் ஒருவர் திரைப்படமொன்றில் சிறு வேடம் ஏற்றிருந்தார். படப்பிடிப்பில் பதிவான அவர் பேச்சைக் கேட்ட பொறுப்பாளர் ஒருவர், ‘பேச்சே தெளிவில்லை, ஊர்ப் பேச்சு, சேரிக் குரல், வேறொருவரைப் பேச வைத்துவிடுங்கள்’ என்றார். நான் ஒரு மணி நேரம் கேட்டேன். மைக் ஆறேழு அடி தள்ளியிருந்தது. சுவரின் எதிரொலி 300 ஹெர்ட்ஸில் மண்டிக்கிடந்தது. சொல்லின் ஈறுகள் தாழ்ந்திருந்தன. மண்டியதைக் குறைத்து, ஈறுகளைக் கையால் உயர்த்தி, மெல்ல அமுக்கி, 3,000இல் சிறிது தெளிவு கூட்டினேன். உச்சரிப்பில் ஒரு மாத்திரையும் மாற்றவில்லை; மாற்றவும் இயலாது. மறுநாள் அதே பொறுப்பாளர் கேட்டு, ‘இந்தக் குரலே இருக்கட்டும்’ என்றார். மைக் இருந்த இடத்தின் குற்றம் ஓர் இளைஞனின் பிறப்பின் மேல் சுமத்தப்பட்டிருந்தது!

நண்பர்களே, தெளிவின்மை வேறு, வட்டார வழக்கு வேறு. முன்னது கருவியால் தீர்க்கத்தக்க குறை. பின்னது குறையே அன்று. இவ்விரண்டையும் பிரித்தறியக்கூடியவர் கட்டுப்பாட்டு மேசையில் அமர்ந்திருந்தால்தான் எளியவர் குரல் திரையில் நிலைக்கும். மாரி செல்வராஜ் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’ (2018) நெல்லைச் சீமைப் பேச்சைத் தயங்காமல் ஒலிக்கச் செய்தது. ஊர்ப் பேச்சாலேயே பெரும் படம் அமையும் என்பதைத் தமிழகம் கண்டுகொண்டது.

மூலத்தைத் தொடாதீர்

இதுகாறும் கேட்போர்க்காகப் பண்படுத்தும் முறை சொன்னேன். இனி, பண்படுத்தவே கூடாத பதிவும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். மிரட்டல், இழிசொல், உறுதிமொழி, வாக்குமூலம் ஆகியவை பதிவாகுமாயின் அவை சான்றாகும். சான்றாகக் கூடிய பதிவின் மூலத்தில் ஒரு டெசிபலும் கூட்டாதீர்கள், ஒரு ஹெர்ட்ஸும் குறைக்காதீர்கள். ‘தெளிவாக்கினோம்’ என்று நாம் சொல்வதை, ‘திருத்திவிட்டனர்’ என்று எதிர்த்தரப்பார் சொல்வர்.

நம் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியிலே மலம் கலக்கப்பட்ட கொடுமையை இவ்வரங்குக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவ்வழக்கின் புலனாய்விலே குரல் மாதிரிப் பரிசோதனையும் இடம்பெற்றது. 2025 ஜனவரியில் அவ்வூரின் பாதிக்கப்பட்ட குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றம் சாட்டப்பட்டதும், அதனை ஏற்காமல் கடும் மறுப்பு எழுந்ததும் நீங்கள் அறிந்தவை. வழக்கின் மெய்ப்பொருளைத் தீர்மானிக்கும் இடம் இதுவன்று. ஆனால், ஒரு கைப்பேசி உரையாடல், ஒரு குரல் பதிவு ஒருவனுடைய விடுதலையையோ சிறையையோ தீர்மானிக்கக்கூடிய காலத்தில் வாழ்கிறோம் என்பதை அவ்வழக்கு உணர்த்தவில்லையா? அத்தகைய பதிவைப் பற்றி வினா எழும்போது, அது மூலமா படியா, வெட்டப்பட்டதா, வடிகட்டப்பட்டதா என்று கேட்டறியும் அறிவு நம்மவரிடமும் இருந்தாக வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக்கும் முறையைக் கூறுகிறது. கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் என்னும் எண்ணும் அதற்குரிய சான்றிதழில் இடம்பெறும். கோப்பில் ஒரு துளி மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். ஆகவே மூலத்தைப் பதிந்த கருவியிலேயே காப்பாற்றி, படியெடுத்து, படியில் மட்டுமே பணி செய்வதை இப்போதே பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வழியே குரற்செய்தியாக அனுப்பினால் ஒலி சுருக்கப்பட்டு மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கற்கும் வழி

இத்தொழிலைக் கற்பதற்குச் சென்னைத் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஒலிப்பதிவு தனிப் பாடமாகவே பயிற்றப்படுகிறது. புனேயிலும் கொல்கத்தாவிலும் நடுவணரசின் திரைப்படக் கல்வி நிலையங்கள் உள்ளன. அரசு நிலையங்களாதலின் இடஒதுக்கீடு உண்டு. கட்டணமும் தகுதியும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அவ்வப்போதைய அறிவிப்பைக் கழகத்தார் பார்த்துச் சொல்வார்கள். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியலை வெறுக்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். அலைநீளமும் மடக்கையும் பரீட்சைக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. டெசிபல் என்பது மடக்கைக் கணக்குத்தான்.

மின்விளக்கு இல்லாத கேரளச் சிற்றூரிலே ஏழைக் குடும்பத்தில் பிறந்து, புனே நிலையத்தில் பயின்ற ரசூல் பூக்குட்டி, ஒலிக்கலவைக்காக 2009இல் ஆஸ்கர் விருது பெற்றார். சென்னையில் பணியாற்றி 2008இல் மறைந்த எச். ஸ்ரீதர், ‘மகாநதி’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ உள்ளிட்ட படங்களின் ஒலிக்காக நான்கு முறை தேசிய விருது பெற்றார். காதும் உழைப்பும் உள்ளவர்க்கு இத்துறை கதவடைப்பதில்லை என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் கூடங்களில் நுழைவு இன்றும் பெரும்பாலும் அறிமுகத்தால்தான் கிடைக்கிறது என்பதே உண்மை. அறிமுகம் இல்லாத பிள்ளைகளுக்குப் பட்டயமும் தேர்ச்சியுமே அறிமுகச் சீட்டு. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் ஆளுக்கு ஒருவரைக் கைதூக்கி விடுவது கடமை. என் பங்கை நான் செய்யக் காத்திருக்கிறேன்.

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள்

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்திலே நடந்தபோது, எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் உழைத்த தாய்மாரும் அவர்களில் இருந்தனர். ஒரு கருவி கைக்கு வந்ததும் அவர்கள் நடமாட்டமே மாறியது. இன்று அத்தகைய கருவி ஒலிப்பதிவு.

வெள்ளிவிழா ஆண்டின் நினைவாகக் கழகம் ஒன்று செய்யலாம். நம் ஊர்களில் எண்பது வயதைக் கடந்த பெரியோர், தாய்மார் இருக்கிறார்கள். பண்ணை வேலை, கூலிப் போராட்டம், இரட்டைக் குவளை, முதன்முதலில் பள்ளிக்குப் போன நாள், ஊர்க் கதை, தெம்மாங்கு, ஒப்பாரி என எவ்வளவோ அவர்கள் நினைவில் உள்ளன. அவர்களுடைய இசைவைப் பெற்று அவற்றைப் பதிவு செய்வோம். பெருஞ்செலவு வேண்டியதில்லை. சட்டையில் செருகும் சிறு மைக் ஒன்று போதும். பாய், போர்வை, துணிமணி நிறைந்த அறையில் அமருங்கள், எதிரொலி அடங்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கட்டும். தொலைவு இரட்டித்தால் நேரே வரும் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் இரைச்சல் குறையாது. பேச்சைத் தொடங்கும் முன் அரை நிமிடம் அறையின் அமைதியை மட்டும் பதியுங்கள். இரைச்சல் களைவதற்கு அது உதவும். சுருக்கப்படாத கோப்பாக, செகண்டுக்கு 48,000 மாதிரி வீதம் பதியுங்கள். ஆடாசிட்டி என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. நான் மேலே சொன்ன கம்ப்ரஸரும் ஈக்வலைசரும் அதிலேயே உள்ளன. ஒவ்வொரு மூலத்தையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்துக் காப்பது கழகத்தின் பொறுப்பு. பண்படுத்திய படியை ஊர்க்கூட்டத்திலே, முதலில் பேசியவருக்கே போட்டுக் காட்டுங்கள். அவர் ‘இது வேண்டா’ என்று சொல்லும் பகுதியை வெளியிடாதீர்கள்.

இவ்வேலைக்குப் பத்து இளைஞர்கள் முன்வந்தால், விடுமுறை நாள்களில் வந்து பயிற்சி அளிக்க நான் உடன்படுகிறேன். பெண்பிள்ளைகள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். ஒப்பாரியும் தாலாட்டும் தெரிந்த ஆச்சிமார் அவர்களிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள். பெயர் தர விரும்புவோர் இன்று மாலையே செயலாளரிடம் தரலாம்.

காலம் நமக்காகக் காத்திராது. ஒவ்வொரு மாதமும் எந்த ஊரிலாவது ஒரு மூத்த குரல் அடங்கிக்கொண்டிருக்கிறது. அடங்கிய பின் எந்தக் கம்ப்ரஸராலும் அதனை உயர்த்த முடியாது. நல்ல முறையில் பணியைத் தொடங்குவோம்.  கழகம் பொன்விழாவும் காண வாழ்த்தி அமைகிறேன்.